மஞ்சப்பையைக் கொட்டிப் பார்ப்போம்

மருந்துக் கடையில் நிற்பவனுக்கு ஊரிலுள்ள பெரியவர்களை முகத்தைவிடப் பையை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். ஒருவருக்கு ஜவுளிக்கடை மஞ்சப்பை. இன்னொருவருக்கு ஸ்கேன் சென்டரில் கொடுத்த நீளக் கவர். சிலருக்கு பிஸ்கட் டப்பா. உள்ளே பாதி தின்ற அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட சீட்டுகள், மருமகள் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தனுப்பிய ஒற்றை மாத்திரைத் துண்டுகள். வெட்டிய துண்டில் பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. "தம்பி, இதே மாதிரி சிவப்பா ஒண்ணு வருமே, அது பத்து நாளைக்குக் குடு" என்பார்கள். சிவப்பாக வருவது நூறு இருக்கிறது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்தால், புது வியாதி என்றோ "வயசாயிடுச்சுல்ல" என்றோ முடிவு கட்டுவதற்கு முன் அந்தப் பையைச் சந்தேகப்படுங்கள். தலைசுற்றல், கால் வீக்கம், கை நடுக்கம், ராத்திரி தூக்கமில்லாமை, மலச்சிக்கல், திடீர் மறதி, கீழே விழுவது ஆகியவற்றில் பலவும் வயதால் வந்ததாகத் தோன்றும், பைக்குள்ளிருந்து வந்திருக்கும். நான் டாக்டர் இல்லை, பார்மசிஸ்ட். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக ஒரு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக் கையில் கொடுப்பதுதான் என் வேலை.

எங்கள் பக்கம் அடிக்கடி பார்க்கும் ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். பெரியவருக்கு பிரஷர். அம்லோடிபின் எழுதுகிறார்கள். நல்ல மருந்து, விலையும் குறைவு, அரசு ஆஸ்பத்திரியிலும் உண்டு. கொஞ்ச நாளில் கணுக்கால் வீங்குகிறது. செருப்பு வார் அழுந்திய தடம் மாலைவரை போவதில்லை. வீட்டில் பயந்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். கால் வீக்கத்தைப் பார்த்ததும் அவர் நீர் பிரிய மாத்திரை எழுதுகிறார். இப்போது பெரியவர் ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறார். தூக்கம் போச்சு. "தூக்கமே வரல டாக்டர்" என்றதும் அல்பிரசோலாம் வருகிறது. அதைப் போட்டுக்கொண்டவர் நடுராத்திரி அரைத் தூக்கத்தில் பாத்ரூமுக்கு எழுந்து நடக்கிறார். அடுத்த வாரம் வீட்டார் கடைக்கு வருவது எலும்பு முறிவு ஆபரேஷன் சீட்டோடு.

இதில் தனித்தனியாக எந்த டாக்டரும் தப்பு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் எதிரே இருந்த தொந்தரவுக்குச் சரியெனப் பட்ட மருந்தைத்தான் எழுதினார். பை முழுவதையும் யாரும் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1990களிலேயே பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து இன்னொரு மருந்து கொடுக்கும் சங்கிலியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். முதியோர் மருத்துவத்தில் அது இன்று அடிப்படைப் பாடம்.

அம்லோடிபின் ஏன் காலை வீங்க வைக்கிறது? அது தமனிகளின் நுனிக்குழாய்களைத் தளர்த்திவிடும், சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்தாது. வரும் வழி அகலம், போகும் வழி பழைய அளவு. அழுத்தம் தாங்காமல் நீர் கணுக்காலைச் சுற்றிய சதைக்குள் கசிகிறது. உடம்பில் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல இது. அதனால் நீர் பிரியும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. 5 மில்லிகிராமில் இல்லாதது 10க்கு ஏற்றியதும் வரலாம். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, டெல்மிசார்டன் வகையோடு சேர்ப்பது என்று டாக்டருக்கு வழிகள் உண்டு. ஆனால் கால் வீக்கம் இருதயம், சிறுநீரகம், ஈரல் பழுதாலும் வரும். படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றாலோ ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது என்றாலோ காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி கேட்க வேண்டிய கேள்வி இவ்வளவுதான்: "இந்த வீக்கம் பிரஷர் மாத்திரையால் இருக்குமா?"

தலைசுற்றலுக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம் வரும்.

"கிறுகிறுன்னு வருது" என்று யாராவது சொன்னால், சீட்டு இல்லாமலே சின்னரிசின் அல்லது புரோகுளோர்பெரசின் கேட்டு வாங்குவது ஊர் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் போட்டால் பரவாயில்லை. மாதக்கணக்கில் போடுகிறார்கள். இரண்டுமே மூளையில் டோபமைனின் வேலையைத் தடுப்பவை. வயதானவர்களுக்குத் தொடர்ந்து கொடுத்தால் நடை சின்னதாகிவிடும், கை நடுங்கும், முகம் சலனமில்லாமல் போகும். பார்க்கின்சன் நோய் போலவே இருக்கும். அதற்கு ஒரு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் சங்கிலியில் அடுத்த கண்ணி. உண்மையான பார்க்கின்சன் உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதால் நரம்பு டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். பார்க்கப் போகும்போது தலைசுற்றல் மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். "அது சும்மா எப்பவாச்சும் போடுறது" என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தலைசுற்றலுக்குக் காரணம் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரஷர் பார்க்கும் மெஷின் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. பெரியவரை ஐந்து நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். படுத்தபடியே ஒரு தடவை பாருங்கள். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை. பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், பின்னால் நாற்காலி இருக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழுந்ததும் ரத்த அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். மருத்துவமனையில் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பார்ப்பார்கள், அதனால் இது தெரியாமலே போகும். உட்கார்ந்திருக்கையில் 140, நிற்கையில் 105 என்று இருக்கும் ஒருவருக்கு பிரஷர் மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும்? புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், நீர் மாத்திரை, மன அழுத்த மாத்திரை எல்லாமே இந்த இறக்கத்தைக் கூட்டும். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் சிலருக்கு இறங்கும். இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், "தலை சுத்துது டாக்டர்" என்று பத்துத் தடவை சொல்வதைவிட வேலை சீக்கிரம் நடக்கும்.

படுக்கையில் புரண்டு படுக்கும்போது மட்டும் சில விநாடி உலகமே சுழன்று நின்றுவிடுகிறது என்றால் அது வேறு கதை. உள்காதில் இருக்கும் கால்சியம் துகள் இடம் மாறிப்போவதால் வருவது. காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பிப் படுக்க வைத்து அதை இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். பெரும்பாலும் ஓரிரு தடவையில் சரியாகிவிடும். இதற்குப் போய் ஆறு மாதம் மாத்திரை தின்றவர்களை எனக்குத் தெரியும்.

சர்க்கரையில் நம் வீடுகளில் எல்லோருக்கும் ஏறுவதைப் பற்றித்தான் பயம். கடை கவுண்டரில் ரிப்போர்ட்டை நீட்டி "200 இருக்கே தம்பி!" என்று பதறுவார்கள். 80 வயதில் உடனே ஆளைச் சாய்ப்பது இறங்குவதுதான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். இதில் கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால், முதியோர் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியலில் அது வெகுகாலமாக இருக்கிறது. இன்சுலின் ஊசிக்கும் இதே எச்சரிக்கை. இப்போது நம் பாட்டிகளின் காலண்டரை எடுத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஒருபொழுது, கிருத்திகை, ஏகாதசி, பிரதோஷம். காலையில் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, "இன்னைக்கு விரதம்" என்று மதியம்வரை காபியில் ஓட்டுவார்கள். நோன்பு மாதத்திலும் இதே சிக்கல்தான். விரதத்தை விடச் சொன்னால் கேட்கமாட்டார்கள், கேட்க வேண்டியதும் இல்லை. விரத நாள்களை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, அன்றைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இளவயதுக்காரருக்கு சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், படபடக்கும். பெரியவர் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அல்லது சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவார். மெட்டோபுரோலால் போன்ற இருதய மாத்திரை சாப்பிடுபவருக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமலே போகலாம். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் சாப்பாடு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், 108ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஒரு தடவை ஏறிவிட்டு சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். "சரியாயிடுச்சு, தூங்கட்டும்" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, அந்த ஹெச்பிஏ1சி எல்லோருக்கும் 7க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் ரிப்போர்ட் கேட்கும் பிள்ளைகள். பல நோய்கள் சேர்ந்திருக்கும் முதியவருக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்றுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. அம்மாவின் அளவு 6.2 என்று சந்தோஷப்படுவதற்கு முன், அதற்காக எத்தனை தடவை சர்க்கரை இறங்கியது என்று கேளுங்கள்.

அடுத்தது திடீர்க் குழப்பம். நேற்றுவரை பேப்பர் படித்து, ஓட்டு அரசியல் பேசிக்கொண்டிருந்தவர், இன்று சாயங்காலம் செத்துப்போன தம்பி வந்திருப்பதாகச் சொல்கிறார். காலையில் தெளிவாக இருக்கிறார், பொழுது சாய்ந்தால் மறுபடி உளறல். "மறதி நோய் வந்துடுச்சு" என்று வீடே இடிந்துபோகும். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். ஓரிரு நாளில் வந்த குழப்பத்துக்குப் பின்னால் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கிறது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், நுரையீரல் தொற்றாக இருக்கலாம். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். மலம் கட்டிக்கொண்டிருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம். சர்க்கரை இறங்கியிருக்கலாம்.

அல்லது ஜலதோஷத்துக்கு வாங்கிப் போட்ட மாத்திரையாக இருக்கலாம். குளோர்பெனிரமின் கலந்த சளி மாத்திரைகளும் இருமல் சிரப்புகளும் அசிடைல்கோலின் என்ற பொருளை மூளையிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் தடுக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாவுக்கு இதைக் கொடுத்தால் சிறுநீர் அடைத்து, மலம் கட்டி, ராத்திரியில் பூச்சி பறக்கிறது என்று கையால் ஓட்டிக்கொண்டிருப்பார். நம் கடைகளில் சீட்டே இல்லாமல் கிடைப்பது இதுதான்.

சோடியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் அது 135 முதல் 145வரை இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையின் பேருக்குப் பின்னால் "ஹெச்" என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவும் குளோர்தாலிடோனும் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். இதோடு யாரோ சொன்னார்கள் என்று உப்பே போடாத சாப்பாடு, "தண்ணி நிறையக் குடிங்க" என்ற அறிவுரை, நாலு நாள் வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்தால் சோடியம் சரசரவென்று இறங்கும். முதலில் சோர்வு, குமட்டல், தள்ளாட்டம். பிறகு குழப்பம், வலிப்பு. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிரஷருக்கு உப்பைக் குறைப்பது சரிதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இவற்றைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. சாதத்தில் உப்பே இல்லாமல் மூதாட்டியைத் தண்டிக்கத் தேவையில்லை. கையைத் தூக்க முடியாத பலவீனம், வாய் கோணல், பேச்சுக் குழறல் என்றால் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அது பக்கவாதமாக இருக்கலாம், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். உடனே 108.

மூட்டுவலிக்காரர்கள்தான் எங்கள் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்கள். டிக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் கேட்டு வருவார்கள், "அதைப் போட்டாத்தான் தம்பி நடக்க முடியுது." நம்புகிறேன். ஆனால் அந்த மாத்திரை பிரஷரை ஏற்றும், குடலில் புண் போடும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன் வகை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, மேலே இந்த வலி மாத்திரை என்று மூன்றும் ஒரே பையில் இருந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். கோடையில் நீர்ச்சத்தும் குறைந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பெரியவர்களுக்குச் சதை குறைவு என்பதால் கிரியாட்டினின் அளவு பார்வைக்கு நார்மலாகவே இருக்கும், சிறுநீரகம் பாதி வேலைதான் செய்துகொண்டிருக்கும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முழங்காலுக்கு டிக்ளோஃபெனாக் களிம்பு மாத்திரையைவிட எவ்வளவோ பாதுகாப்பு. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி அதைவிட நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குவதில் ஆரம்பிக்கலாம். பேரும் விவரமும் இல்லாத மூட்டுவலிப் பொடிகளை மட்டும் தொடாதீர்கள். இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை பிடிபட்டிருக்கிறது. "ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு, முகம்கூடச் செழிப்பாயிடுச்சு" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதை ரொம்ப நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து.

"கேஸ் மாத்திரை" பற்றிச் சுருக்கமாக. ஆரம்பித்த காரணம் எப்போதோ போய்விட்டிருக்கும், பான்டோபிரசோல் மட்டும் வருடக்கணக்கில் தொடரும். அதுவும் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தால் பி12 குறையும். கால் மரத்துப்போவதும் எரிவதும் சர்க்கரையால் மட்டும் வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பி12 பரிசோதனை ஒன்று செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒரே மருந்து இரண்டு பேரில் பைக்குள் இருப்பதும் சாதாரணம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நடக்க முடியாதவருக்குப் பிசியோதெரபியும் உண்டு. பஸ் ஏறி வரிசையில் நிற்க முடியாத ஆயாக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்திலிருந்து பார்ப்பவன் நான். என் வியாபாரம் குறைந்தாலும் சொல்வேன். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மகன் லீவில் வந்து தனியார் டாக்டரிடமும் காட்டிவிட்டுப் போவான். அரசு அட்டையில் அம்லோடிபின் என்று இருக்கும். தனியார் சீட்டில் பளபளப்பான கம்பெனிப் பேர், பின்னால் "ஏஎம்" என்று இரண்டு எழுத்து. அதற்குள்ளும் அதே அம்லோடிபின்தான். பாட்டி இரண்டையும் பக்தியாகப் போட்டுக்கொள்வார். "கவர்மென்ட் மாத்திரை வேற, இது வேற" என்பது அவர் கணக்கு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பேர். சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. சின்ன எழுத்தைப் படியுங்கள், முடியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பை முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் டாக்டர் உண்டா? உண்டு. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு வழி போட்டவர் அவர். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறது. எல்லோரும் கிண்டிக்குப் போக முடியாது. ஊரிலேயே ஒரு பொது மருத்துவரைத் தலைமை டாக்டராக வைத்துக்கொண்டு, மற்ற ஸ்பெஷலிஸ்டுகள் எழுதுவதையெல்லாம் அவர் கண்ணில் படவிட்டால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். யாரிடம் போவது என்றே தெரியவில்லை என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணமில்லை.

டாக்டரிடம் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைப் பாயில் கொட்டுங்கள். ஒரு நோட்டில் நாலு பத்தி போதும்: மருந்து, எதற்கு, யார் எழுதியது, எப்போதிலிருந்து. "எதற்கு" என்ற பத்தியில் எழுத முடியாமல் நிற்கும் மருந்துகள்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை. டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறார்கள். "எதை நிறுத்தலாம்?" என்று கேட்டால் சிலருக்கு முகம் மாறலாம். "அம்மாவால் இவ்வளவு மாத்திரையைச் சமாளிக்க முடியவில்லை, இதில் எது கட்டாயம் வேண்டும், எதைக் குறைக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள், நோட்டை அவரே கையில் வாங்கிக்கொள்வார். இருதய மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, பழகிப்போன தூக்க மாத்திரை இவற்றைத் தானாக நிறுத்தவே கூடாது. சிலவற்றைப் படிப்படியாகத்தான் இறக்க முடியும்.

பையில் இல்லாததையும் கவனிக்க வேண்டும். சாப்பாட்டில் பருப்பு, முட்டை, மீன், பால் இல்லை. பல் செட் பொருந்தவில்லை, அதனால் மூன்று வேளையும் கஞ்சி, ரசம் சாதம், இட்லி. அதில் வயிறு நிறையும், தசை கரையும். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ உள்ளவருக்கு 55 முதல் 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பல் டாக்டரிடம் செட்டைச் சரிசெய்வது இங்கே சத்து டானிக்கைவிட முந்திய வேலை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 75 முதல் 79 வயதில் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 10க்குக் குறைந்தால் விழும் அபாயம் இருக்கிறது. காது கேட்காததை அலட்சியம் செய்யாதீர்கள். 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய மறதி நோய்க் காரணங்கள் பதினான்கில் காது மந்தமும் ஒன்று. வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி இரண்டையும் டாக்டரிடம் கேளுங்கள். பேரனுக்குத் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில் தாத்தாவுக்கு ஒன்றுகூட இருக்காது. பாத்ரூமில் கைப்பிடியும் இரவு விளக்கும் வையுங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் வேறு சொல்ல வேண்டாம்.

கடைசியாக, பையைக் கொட்டிய பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள், பூஜை அறை மாடத்தையும் பாருங்கள். கஷாயம், லேகியம், இன்ஹேலர், களிம்பு, கண் சொட்டு மருந்து இவை எதுவும் "மாத்திரை" இல்லை என்பதால் பைக்குள் வருவதே இல்லை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து இருதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கிளப்பும். நாடித் துடிப்பு 48 என்று இருதய டாக்டர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பார், அந்தச் சின்ன பாட்டில் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவில் தக்காளி சாஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் கலப்பது குறையும். அந்த பாட்டிலின் பேரையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.